மாமரத்தில் காட்டு ஆர்க்கிட்: கட்டுவதிலிருந்து சித்திரையில் பூப்பது வரை முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு மாமரத்தில் இந்தச் சித்திரையில் மூன்று பூந்தண்டு வந்தது. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பூ. காலை வெயில் ஏறும் நேரத்தில் மரத்தடிக்குப் போனால் லேசாக ஒரு இனிய வாசம் வரும், பத்து மணிக்கு மேல் அது தெரியாது. பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். மஞ்சளும் பழுப்புமாக இதழ், அதன் மேல் கட்டம் போட்ட துணி மாதிரி பழுப்புக் கோடுகள், நடுவில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சின்ன நாக்கு. இதழைத் திருப்பினால் பின்பக்கம் வெள்ளை. இதுதான் வாண்டா டெசலேட்டா. தாய்லாந்திலிருந்து வந்து கடையில் தொங்கும் கலப்பினம் இல்லை. நம் ஊர் மாந்தோப்பிலும் புளியமரத்திலும் கோயில் காட்டிலும் காலங்காலமாக இருக்கிற செடி. 'டெசலேட்டா' என்ற பெயரே அந்தக் கட்டங்களைத்தான் சொல்கிறது.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் பலருக்கு இதைத் தெரியாது. தெரிந்தவர்களும் "புல்லுருவி" என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் செடியை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

புல்லுருவி மரத்தின் கிளைக்குள் வேரைச் செலுத்தி அதன் நீரை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்யாது. பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மழையில் பட்டை வழியாக ஓடிவரும் நீரும் அதில் கரைந்த தூசியும் மக்கிய இலைச்சத்துமே அதற்குச் சாப்பாடு. மரத்துக்கு ஒரு சொட்டு நஷ்டம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் 'வாண்டா' என்ற பெயர் சமஸ்கிருதத்தில் மரத்தில் ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடிகளுக்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. குழப்பம் அவ்வளவு பழையது.

சமவெளியில் நீங்கள் பார்க்கக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மேலே சொன்ன வாண்டா: குறுகலான, தடித்த, வெளிப்பக்கம் வளைந்த இலைகள் இரண்டு வரிசையில் எதிரெதிராக அடுக்கியிருக்கும். இலை நடுவில் மடிந்து வாய்க்கால் மாதிரி இருக்கும், நுனி எலி கடித்தது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். விரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளை வேர்கள் பட்டை மேல் ஓடும். இன்னொன்று அகாம்பே ப்ரிமோர்சா. பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், ஆனால் இலை இன்னும் முரடு, பூ சின்னது, மஞ்சளில் பழுப்புச் சிவப்புப் பட்டை. இரண்டுமே வீட்டுக்கு ஏற்றவை.

மூன்றாவது, எல்லோரும் ஆசைப்படுவது, நரிவால் ஆர்க்கிட் என்கிற ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. ஒரே கொத்தில் நூறு பூவுக்கு மேல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வாலைப் போலத் தொங்கும். அசாமில் இதைக் கபோ பூ என்பார்கள், அந்த மாநிலத்தின் மலர் இதுதான். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பிஹு பண்டிகையில் ஆடும் பெண்கள் தலையில் இந்தக் கொத்தைச் சூடியிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது உண்டு. கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சி, கூடலூர் மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் தாராளமாக முயற்சி செய்யலாம். தஞ்சாவூர், திருச்சி, மதுரைக்காரர்களுக்கு என் யோசனை: முதல் செடி வாண்டாவாக இருக்கட்டும். கோடையைத் தாங்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செடி எங்கிருந்து கிடைக்கும்

காட்டிலிருந்து எடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். காப்புக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இருப்பதால் நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும். நீல வாண்டாவும் சிவப்பு வாண்டாவும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் காக்கப்பட்டவை.

சட்டம் ஒரு பக்கம். செடியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை இருக்கும், முகப்பவுடர் மாதிரி. நெல்லுக்குள் அரிசி இருப்பது போல அந்த விதைக்குள் முளைக்கும் கருவுக்குச் சாப்பாடு எதுவும் கிடையாது. பட்டையில் விழுந்து, அங்கே அதற்கேற்ற ஒரு பூஞ்சை இருந்து, அந்தப் பூஞ்சை உள்ளே புகுந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். அப்படி முளைத்தது பூக்கும் பருவத்துக்கு வரப் பல வருஷம். நாம் ஒரு நிமிஷத்தில் பிடுங்குவது அத்தனை தடையைத் தாண்டி வந்த ஒன்றை.

நானும் தவறு செய்தவன்தான். பல வருஷம் முன்பு ஒரு மலையூரில் சாலையோரம் சாக்கில் கொட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள், "நர்சரிச் செடிதான்" என்றார்கள், நம்பி நாலு வாங்கினேன். வீட்டில் வந்து பிரித்தால் வேர் முக்கால்வாசி அறுந்து, முனையில் பட்டைச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலும் ஆறு மாதத்தில் வாடிச் செத்தன. இப்போது பார்த்த உடனே தெரியும்: காட்டில் பிடுங்கிய செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும், பழைய இலைகளில் பூச்சி அரித்த தழும்பும் பாசிப்படலமும் இருக்கும், வேர் கிழிந்திருக்கும். திசு வளர்ப்பில், அதாவது ஆய்வகக் குடுவையில் வளர்ந்து வந்த கன்றுகள் எல்லாம் ஒரே உயரம், வலைத்தொட்டியில் இருக்கும், வேர் முழுசாக இருக்கும். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த அகார் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று நர்சரிகளில் லட்சக்கணக்கில் கன்று கிடைப்பது அந்த வழியால்தான்.

ஆக, சரியான வழிகள் மூன்று. திசு வளர்ப்புக் கன்று விற்கும் நர்சரி. ஏற்கெனவே வளர்க்கும் நண்பரிடமிருந்து ஒரு பக்கக் கன்று. மூன்றாவது, சொந்தப் பட்டா நிலத்தில் மரம் விழும்போதோ வெட்டும்போதோ காப்பாற்றுவது. என் செடி இந்த மூன்றாவது வகை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடிப் பக்கம் என் பெரியம்மா தோட்டத்தில் இரண்டு பழைய மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, செடி இருந்த கிளையை முழங்கை நீளத்துக்கு அப்படியே அறுத்துத் தரச் சொன்னேன். அதுதான் ரகசியம். செடியைப் பட்டையிலிருந்து உரிக்காதீர்கள், கிளையோடு எடுங்கள். ஒட்டிய வேரை உரித்தால் கிழியும், கிழிந்த வேர் திரும்ப வராது, புது வேர்தான் வர வேண்டும்.

எந்த மரம், எந்தப் பக்கம்

பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும், உரியாமல் இருக்க வேண்டும். மா, புளி, இலுப்பை, வேம்பு, பூவரசு எல்லாம் நல்லது. தென்னையும் சரிதான். கொய்யா வேண்டாம், பட்டை உரிந்துகொண்டே இருக்கும், வேர் பிடித்ததும் பட்டையோடு கழன்றுவிடும். முருங்கையிலும் கட்டாதீர்கள், காற்றில் கிளை முறியும்.

கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கம், தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. காலை வெயில் பத்து மணி வரை நேராகப் படலாம், அதற்கு மேல் இலை வழியாக வடிகட்டி வர வேண்டும். அளவு சரியா என்பதைச் செடியே சொல்லும். இலை கரும்பச்சையாக, நீளமாக, தொய்ந்து இருந்தால் வெளிச்சம் போதவில்லை. அந்தச் செடி பத்து வருஷம் உயிரோடு இருந்தாலும் பூக்காது. லேசான மஞ்சள் கலந்த பச்சையாக, குட்டையாக, விறைப்பாக இருந்தால் சரி. இலையில் வெளுத்த திட்டு விழுந்து காய்ந்து கறுத்தால் வெயில் அதிகம். வீட்டில் ஆர்க்கிட் பூக்கவில்லை என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர் செடியை நிழலில்தான் வைத்திருக்கிறார்கள்.

எப்போது, எப்படிக் கட்டுவது

ஆடி, ஆவணி மாதங்கள்தான் சமவெளியில் சிறந்த நேரம். கடும் வெயில் தணிந்திருக்கும், இடையிடையே மழை வரும். அப்போது கட்டினால் ஐப்பசி மழைக்குள் புது வேர் பட்டையைப் பிடித்துவிடும். வேர் முனையைப் பாருங்கள்: வெள்ளை வேரின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பளபளப்பான பச்சை தெரிந்தால் வேர் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதுதான் கட்டும் நாள். புயலில் வந்த என் செடி மாதிரி அவசரமாக வந்தால் மாதம் பார்க்க முடியாது, அன்றைக்கே கட்டிவிட வேண்டியதுதான்.

பழைய பருத்திப் புடவையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து எடுங்கள். செடியை மரத்தோடு சேர்த்து, தண்டின் அடிப்பகுதியில் இரண்டு சுற்று, வேர்ப் பகுதியில் இரண்டு சுற்று. செடி ஆடவே கூடாது. கொஞ்சம் ஆடினாலும் மென்மையான வேர் நுனி பட்டையில் உரசித் தேய்ந்துவிடும், செடி பிடிக்காமல் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். கட்டியபின் இலையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள், மரம் அசைகிற மாதிரி இருக்க வேண்டும், செடி மட்டும் அசையக் கூடாது. செப்புக்கம்பி வேண்டாம், செம்பு வேரைக் கெடுக்கும். நைலான் கயிறு மக்காது, பின்னால் தண்டை அறுக்கும். பருத்தித் துணி ஒரு வருஷத்தில் தானாக இற்றுப்போகும், அதற்குள் அதன் வேலை முடிந்துவிடும்.

தென்னை நாரை ஒரு கைப்பிடி, மெல்லிய படலமாக, வேருக்குக் கீழே வைக்கலாம். வேருக்கு மேலே மூடாதீர்கள். மண், எரு, கோகோபீட் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. இந்த வேர் காற்றில் வாழப் பழகியது, மூடினால் அழுகிவிடும்.

மரம் இல்லாத மாடி வீட்டுக்காரர்கள் மரச்சட்டக் கூடையில் பெரிய பெரிய அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓடும் போட்டு வளர்க்கலாம். அல்லது பட்டையோடு இருக்கும் ஒரு வேப்பங்கட்டையில் கட்டிச் சுவரில் மாட்டலாம். இரண்டிலும் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

தண்ணீர்

காய்ந்த வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும். அதன் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கண்ணெடுக்காமல் பாருங்கள். சில நொடிகளில் வெள்ளை மறைந்து உள்ளேயிருந்து பச்சை எழும்பி வரும், இடையிடையே சின்ன வெள்ளைக் கோடுகள் மட்டும் அப்படியே நிற்கும். வேரைச் சுற்றி இருப்பது செத்த செல்களால் ஆன பஞ்சு மாதிரி ஒரு உறை. அது தண்ணீரைக் குடித்ததும் கண்ணாடி போலாகி, அடியில் இருக்கிற பச்சையைக் காட்டுகிறது. அந்தக் கோடுகள் நனையாத இடங்கள், வேர் மூச்சு விட. என் பெண்ணுக்கு ஐந்து வயதில் இதைக் காட்டினேன், இன்றும் காலையில் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

இந்த நிறம்தான் உங்கள் அளவுகோல். எல்லா வேரும் பச்சையாகும் வரை ஊற்றுங்கள், மறுபடி வெள்ளையானபின் அடுத்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் காய்ச்சல் கட்டாயம் வேண்டும். கட்டிய முதல் மூன்று மாதம் தினமும் ஒருமுறை, பின்பு கோடையில் வாரம் மூன்று நான்கு முறை, மழைக்காலத்தில் ஒன்றும் வேண்டாம். விடியற்காலையில் ஊற்றுவது நல்லது. இந்தச் செடிகள் கள்ளியும் அன்னாசியும் செய்வது போலப் பகலில் இலைத்துளையை மூடிவைத்து இரவில்தான் திறந்து காற்றை இழுக்கும். அதனால்தான் உச்சி வெயிலைத் தாங்குகின்றன. குருத்துக்குள் தண்ணீர் தேங்கி இரவு முழுக்க நின்றால் மட்டும் ஆபத்து, குருத்தழுகல் வந்து நடு இலை கையோடு வந்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் நாள்பட நாள்பட வேரைக் கொன்றுவிடும். பட்டையில் வெள்ளைப் பொருக்கு படிகிறதா, வேர் நுனி கறுக்கிறதா பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 300க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் மழை நீரைப் பிடித்து வையுங்கள், ஒரு செடிக்கு ஒரு டிரம் மழைநீர் பல மாதம் வரும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

உரம்

அதிகம் பேச ஒன்றுமில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நனைந்த வேர் மேல் தெளியுங்கள். வெறும் யூரியா வேண்டாம். பஞ்சகவ்யம் போடுபவர்கள் நன்றாக வடிகட்டி நூற்றுக்கு ஒரு பங்கு. மார்கழியிலிருந்து பூமொட்டு வரும் வரை எதுவும் போடாதீர்கள்.

மார்கழி முதல் பங்குனி வரை

பூவைத் தீர்மானிப்பது இந்த நாலு மாதம். மழை நின்றதும் நாம் பயந்துபோய் ஊற்ற ஆரம்பிப்போம். கூடாது. மார்கழி, தை, மாசியில் இரவு குளிரும், பகல் வறளும், பனி இறங்கும். செடிக்கு அதுவே போதும், வாரம் ஒருமுறை லேசாகத் தெளித்தால் போதுமானது. இலை கொஞ்சம் சுருங்கினாலும் பொறுங்கள். வறட்சி, குளிர்ந்த இரவு, பிறகு நீளும் பகல், இந்த வரிசையில்தான் அது பூவுக்குத் தயாராகிறது.

மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ இலை இடுக்கில் ஒரு சின்ன முளை எட்டிப் பார்க்கும். வேரா, பூந்தண்டா என்று குழப்பம் வரும். வேர் என்றால் முனை உருண்டு மழமழவென்று பளபளக்கும். பூந்தண்டு என்றால் முனை கூராக, மேலே சின்னச் சின்ன செதில் அடுக்கி இருக்கும். ஒரு வாரம் விட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதைப் பார்த்ததும் தண்ணீரைக் கூட்டுங்கள், உரத்தை மறுபடி தொடங்குங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள் செடியைத் திருப்பி வைக்காதீர்கள், மொட்டுகள் வெளிச்சத்தைப் பார்த்து அமைந்திருக்கும், திருப்பினால் கொத்து கோணிக்கொள்ளும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. 2020 பங்குனியில் எனக்கு முதல் பூந்தண்டு வந்தது, ஆறு மொட்டு. மரத்தடியில் கூட்டிக் குவித்த மாஞ்சருகை அங்கேயே கொளுத்தினோம், மூன்று நாளில் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. புகையில் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது, பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான் மொட்டை உதிர்க்கவும் செய்கிறது. பூந்தண்டு தெரிந்தபின் மரத்தின் கீழே நெருப்பு மூட்டாதீர்கள். சருகை அப்படியே மூடாக்காகப் போட்டுவிடலாம். மாம்பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிப்பதும் இதே மாதத்தில்தான் வரும், அடிப்பதாக இருந்தால் செடியை ஒரு சாக்கால் மூடிவிட்டு அடியுங்கள்.

பூச்சி, நோய்

நத்தைதான் பெரிய எதிரி. மழை இரவில் வந்து வேர் நுனியையும் இளம் பூந்தண்டையும் தின்றுவிடும். டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதே நல்ல வைத்தியம். இலையடியில் செதிள் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் கலைக்க வேண்டாம், அது பல பூச்சிகளைத் தின்கிறது. ஆனால் மாவுப்பூச்சியையும் அதுவே காவல் காக்கும் என்பதால் கண் வைத்திருங்கள். குருத்து அழுகினால் அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூள் வைத்து, பத்து நாள் தண்ணீர் இல்லாமல் விடுங்கள். பல நேரம் பக்கத்திலிருந்து புதுக்கன்று கிளம்பும்.

பூத்த பிறகு

எனக்கு முதல் பூ நின்றது 2021 சித்திரையில், செடி வந்து இரண்டரை வருஷம் கழித்து. நர்சரிக் கன்று வாங்கினால் இன்னும் கூடுதலாக ஆகலாம். பூ இரண்டு மூன்று வாரம் நிற்கும். பறித்துச் சாமிக்கு வைக்க ஆசை வரும், கொத்தில் ஒன்றிரண்டை எடுக்கலாம், மற்றதை விட்டுவிடுங்கள்.

பூச்சி வந்து மகரந்தம் சேர்த்தால் பூவுக்குப் பின்னால் உள்ள காம்பு பருத்துக் காயாகும். முற்றி வெடிக்கப் பல மாதம் ஆகும், செடியின் பலம் அதில் நிறையச் செலவாகும். செடிக்கு ஆறேழு இலைக்குக் குறைவாக இருந்தால் காயைக் கிள்ளிவிடுங்கள். நல்ல திடமான செடி என்றால் ஒரே ஒரு காயை விட்டுவைத்து மற்றதை எடுத்துவிடலாம். அது வெடித்துத் தூள் பறக்கும்போது பக்கத்துத் தோட்டத்து மரங்களிலும் கொஞ்சம் போய் ஒட்டும்.

வயதான செடியின் அடித்தண்டில் பக்கக் கன்று வரும். அதற்கென்று தனியாக மூன்று நான்கு வேர், ஒவ்வொன்றும் விரல் நீளம் வந்தபின்தான் பிரிக்க வேண்டும். கத்தியைத் தீயில் காட்டி ஆறவிட்டு ஒரே வெட்டு, இரண்டு பக்கமும் இலவங்கப்பட்டைத் தூள், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கட்டுங்கள். போன ஆவணியில் அப்படிப் பிரித்த ஒரு கன்றை ஆலங்குடிக்கே கொண்டுபோய், பெரியம்மா தோட்டத்தில் புயலுக்குத் தப்பி நிற்கிற இலுப்பை மரத்தில் கட்டினேன். பொங்கலுக்குப் போனபோது இரண்டு வேர் பட்டையின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.